பதினொரு கெர்னல்களும் ஒரு தராசும்

புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, மஞ்சள் சுவரும் பச்சை மரச்சன்னலும் கொண்ட கட்டடம் ஒன்றில் கடலோரக் குடும்பச் சான்றிதழ் இயக்ககம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. இன்னார் கடலோரத்தில் குடியிருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதுதான் அதன் வேலை. வாசலில் படகு கிடந்தாலும் சரி, அலை உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனாலும் சரி, அந்தத் தாள் இல்லாமல் யாரும் கடலோரத்துக்காரர் ஆகிவிட முடியாது. அந்தத் தாளுக்காக நான் ஏழு முறை நடந்திருக்கிறேன். ஆகவே இந்தக் கதையில் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு பெருமை உண்டு. அது எதையும் தூக்கிப் போட்டதே கிடையாது. மூன்று கால் நாற்காலி ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். ஒடிந்த நாலாவது காலை அதன் மடியிலேயே கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனி எண் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். 1979-இல் வாங்கிய எலிப்பொறிக்கு இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி, அதில் அகப்பட்ட எலிக்கு அடுத்த வரி. எலி எப்போதோ காய்ந்து போய்விட்டது. ஆனாலும் ஆண்டுதோறும் மார்ச் மாதச் சரிபார்ப்பில் 'எலி – 1, இருப்பு சரி' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

இந்தப் பதிவேட்டைக் காத்து வந்தவர் கண்காணிப்பாளர் சக்கரபாணி. வாசலைத் தாண்டி உள்ளே வருகிற எதையும் அவர் பேனா விடாது. பெருக்குமாறு வந்தால் ஒரு வரி, குண்டூசிப் பெட்டி வந்தால் ஒரு வரி. குண்டூசிகளை எண்ணிப் பார்த்துத்தான் எழுதுவார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

2008 ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்று முடித்த கையோடு அஞ்சலாட்சி அங்கே வந்து சேர்ந்தாள். வீராம்பட்டினத்துக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் காலிக் கூடை, கூடைக்குள் பெரிய மீனைக் கொக்கியில் தொங்கவிட்டு நிறுக்கிற வட்டத் தராசு. அவள் மகள் அன்புசெல்வி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மீனவர் ஒதுக்கீட்டில் நர்சிங் படிக்க இடம் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் சான்றிதழைக் கல்லூரியில் நீட்ட வேண்டும். தவறினால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போய்விடும். விண்ணப்பம் கொடுத்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. எல்லா ஒப்புதலும் கிடைத்து, அச்சாகி வெளியே வருவது ஒன்றுதான் பாக்கி.

அச்சிட வேண்டியவள் சரிதா. சாரம் பகுதியிலிருந்து சைக்கிளில் வரும் ஒப்பந்தக் கணினி ஆபரேட்டர். அந்த அலுவலகத்தில் ஒரு வேலையைச் செய்து முடிக்க முடியும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள். அவள் பொத்தானைத் தட்டினாள். பிரிண்டர் ஒரு முறை கனைத்துவிட்டு அடங்கிப் போனது. கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது.

“இன்னா பொண்ணு சொல்லுது அது?” என்றாள் அஞ்சலாட்சி.

“டிஸ்க்ல எடமில்லியாம்க்கா. பிரிண்ட் போவ மாட்டுது.”

“இம்மாம் பெரிய ஆபீசுல எடமில்லியா?”

அந்த மெஷின் 2001-இல் டெண்டர் விட்டு 2003-இல் வந்து சேர்ந்தது. அதன் டிஸ்க், இப்போது கல்லூரிப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற பென் டிரைவ் அளவுதான். அந்தக் கொஞ்ச இடத்திலும் பாதியைக் கெர்னல்கள் அடைத்துக்கொண்டிருந்தன. கெர்னல் என்பது, மெஷினைப் போட்டதும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பி வேலைக்கு அனுப்புகிற நிரல். அவ்வப்போது புதியது வரும். வந்ததும் அதுதான் வேலை பார்க்கும். பழையது தானாக வெளியேறாது. ஒரு வேலையும் இல்லாமல் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே கிடக்கும். அந்த அலுவலகத்தில் இது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாததில் வியப்பில்லை. அப்படியாகப் பதினொன்று சேர்ந்திருந்தன.

“அஞ்சு நிமிஷ வேலக்கா. பழைய கெர்னல் பத்தையும் எடுத்துட்டா எடம் கெடச்சிடும். உக்காருங்க, இப்பவே போட்டுத் தந்துடறேன்.”

சரிதா செய்த ஒரே தவறு, இதைச் சத்தமாகச் சொன்னதுதான். இரண்டு மேசை தள்ளி, காதில் பஞ்சுக்குச்சி வைத்துக் குடைந்துகொண்டிருந்த சக்கரபாணியின் கை நின்றது.

“எத எடுக்கப் போறம்மா?”

“பழைய கெர்னல் சார். சும்மா கெடக்குது.”

அவர் பதிவேட்டைத் திறந்தார். நூற்றுப் பதினாலாம் பக்கம். சர்வீஸ் கம்பெனிக்காரன் ஒவ்வொரு முறையும் புதுக் கெர்னலைப் போட்டுவிட்டு, 'கெர்னல் – 1' என்று சீட்டெழுதிக் கையெழுத்து வாங்கிப் போவது வழக்கம். சீட்டு வந்தால் சக்கரபாணி சும்மா இருப்பாரா?

“கெர்னல், இருப்பு பதினொண்ணு. ஒவ்வொண்ணும் நான் கையெழுத்துப் போட்டு வாங்கனது. நீ பத்தை எடுத்துட்டுப் போயிட்டா மார்ச்சுல நான் எதக் காட்டறது?”

“எடுத்துட்டுப் போவல சார். அழிக்கப் போறேன்.”

“அது அதவிட மோசம்!”

அரசுப் பொருளை அப்புறப்படுத்த வேண்டுமானால் அதைக் கண்டம் பண்ண வேண்டும் என்றார் அவர். படிவம் எழுதி, கமிட்டி கூடி, பொருளை நேரில் பார்த்து, பயனற்றது என்று தீர்மானித்து, பிறகு ஏலம். அந்த அலுவலகத்தில் கடைசியாகக் கண்டம் செய்ய எடுத்தது 1991-இல் ஒரு மண்பானை. கமிட்டி கூடுவதற்குள் பானை உடைந்துவிட்டதால், சில்லுகளை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அவை இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

“எவ்ளோ நாளாவும் சார்?” என்றாள் அஞ்சலாட்சி.

“வேகமாப் பண்ணா ஆறு மாசம்.”

“வெள்ளிக்கெழம எம்பொண்ணு காலேஜுல நிக்கணும்.”

“அதான் வேகமாப் பண்றேன்னு சொல்றேனேம்மா.”

அன்று மாலைக்குள் சரிதா படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். பொருளின் நிறம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். நிறமில்லாத பொருளை அரசு வாங்கியிருக்க முடியாது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்துக் 'கறுப்பு' என்று எழுதினாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது. பழுதின் தன்மை என்ற இடத்தில் 'பழுது இல்லை, பழையது' என்று எழுதினாள். பழையதாக இருப்பது குற்றமா என்று சிவப்பு மையில் கேள்வி வந்தது. அந்தச் சிவப்பு எழுத்து சக்கரபாணியுடையது. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார்.

எடை என்ற இடத்தில் புதன்கிழமை காலை சிக்கல் முற்றியது.

“எடையே இல்லாத பொருள எப்படிம்மா ஏலம் வுடறது? எவன் எடுப்பான்?”

“அதுக்கு எடை கெடையாது சார்.”

“மெஷினுக்குள்ள இருக்குதா இல்லியா?”

“இருக்குது.”

“மெஷினுக்கு எடை இருக்குதா இல்லியா?”

சரிதாவுக்குத் தலை சுற்றியது. நாலு வருஷம் படித்த கணினி அறிவியலில் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கவில்லை. மார்க்கெட்டை முடித்துக்கொண்டு வந்து சன்னலோரம் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி எழுந்தாள்.

“எடைதான ஓணும்? எங்கிட்ட தராசு கீது.”

மின்விசிறி மாட்டாமல் விட்டிருந்த ஒரு கொக்கி உத்தரத்தில் இருந்தது. அதில் தராசைத் தொங்கவிட்டாள். மெஷினின் வயர்களையெல்லாம் சரிதா கழற்றித் தர, பெட்டியைக் கயிற்றால் சுற்றி, சுறாவைத் தூக்குகிற லாவகத்தோடு தூக்கி மாட்டினாள். முள் ஆடி நின்றது. பதினாலு கிலோ இருநூறு கிராம். சக்கரபாணி அதைப் பதினொன்றால் வகுத்து, ஒரு கெர்னலின் எடை ஒரு கிலோ இருநூற்றுத் தொண்ணூறு கிராம் என்று எழுதினார். அது பெட்டியின் எடை என்று சரிதா சொல்லிப் பார்த்தாள். பெட்டிக்குத் தனிப் பக்கம் இருக்கிறது, இதில் போட்டுக் குழப்பாதே என்று பதில் வந்தது.

அஞ்சலாட்சி தராசை இறக்கப் போனாள்.

“அது அங்கியே இருக்கட்டும். நீக்கனப்புறமும் ஒரு எடை போடணும். வேற தராசுன்னா ஆடிட் ஒத்துக்க மாட்டான். பத்திரமா இருக்கும், பயப்படாத,” என்றார் சக்கரபாணி. வெளிப் பொருள் உள்ளே இருந்தால் திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வருமென்பதால், உடனே நூற்றுப் பதினைந்தாம் பக்கத்தைத் திறந்து 'தராசு (மீன்) – 1' என்று எழுதி அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மார்க்கெட்டில், பக்கத்துக் கடைக்காரி கமலவேணியிடம் தராசு இரவல் வாங்கித்தான் அஞ்சலாட்சி வியாபாரம் பார்த்தாள். கமலவேணி தராசைக் கொடுப்பாள், ஆனால் சும்மா கொடுக்க மாட்டாள். உன் தராசு கவர்மெண்டு வேலைக்குப் போயிடுச்சாமே, பென்சன் வருமா என்று காலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. ஆறு மாத வேலை இரண்டே நாளில் நடந்ததற்குக் காரணம் வேறு. இயக்குநர் இராமதாஸ் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். தம் பதவிக் காலத்தில் ஒரு விழாவாவது நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. கணினியில் இடம் காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டதும், அதைத் திறந்து வைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார். ஏலத்தை விழாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவாயிற்று.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் இராமதாஸ், உறுப்பினர் சக்கரபாணி, இன்னொரு உறுப்பினர் மொசியே அந்துவான். அந்துவானுக்கு எழுபத்தைந்து வயது. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த ஒரு வருஷத்தைப் பற்றி ஐம்பத்து நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பவர். கட்டடம் அந்தக் காலத்தது என்பதால், அதிலிருந்து எது வெளியே போனாலும் நடந்ததை நடந்தபடி பிரெஞ்சில் எழுத வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதற்குப் பெயர் புரொசே வெர்பால். அதை எழுத ஊரில் அவர்தான் மிச்சம். படிக்க யாருமே மிச்சமில்லை.

“மத்மொசேல், பொருள்களை மேசை மேல் வைக்கவும்,” என்றார் அந்துவான் சரிதாவிடம், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

சரிதா திரையைக் காட்டினாள். பதினொரு பெயர்கள் வரிசையாக நின்றன.

“இவை பெயர்கள். நான் ஆட்களைக் கேட்டேன்.”

“அவ்வளவுதான் சார். வெளிய எடுத்துக் காட்ட முடியாது.”

“மூன்று முறை கூப்பிடுங்கள். அதுதான் முறை.”

சரிதா இயக்குநரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் திரையைப் பார்த்துப் பதினொரு பெயரையும் எண்களோடும் புள்ளிகளோடும் மூன்று முறை வாசித்தாள். எவரும் வரவில்லை. 'அழைப்பு விடுத்தும் ஆஜராகவில்லை' என்று அந்துவான் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு, “வுவாலா, ஆயிற்று” என்றார்.

அடுத்தது, எதை நீக்குவது என்ற கேள்வி. பழையவை பத்தையும் நீக்கிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளலாம் என்றாள் சரிதா. சக்கரபாணி எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“அய்யா, இத நான் ஆட்சேபிக்கிறேன். 2003-லேர்ந்து இருக்கறத அனுப்பிட்டு, போன மாசம் வந்தத வச்சுக்கறதா? இது இன்னா நியாயம்? எண்பத்தொம்போதுல எனக்கு ஜூனியர் ஒருத்தன கண்காணிப்பாளர் ஆக்கனாங்க. ஏன்னு கேட்டேன். அவன் சுறுசுறுப்பா இருக்கான்னாங்க! பதிமூணு வருசம் அவன் கீழ நின்னு ஃபைல் நீட்டனேன். அன்னிக்கி எனக்கு நடந்தது இந்த ஆபீசுல இன்னொருத்தருக்கு நடக்க வுட மாட்டேன். ஆள் கொறைக்கணும்னா கடைசியா வந்தவன்தான் மொதல்ல போவணும். அதான் ரூலு.”

சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு சரிதா சொல்லக் கேட்டபோது எனக்கே ஒரு நிமிஷம் அவர்மேல் இரக்கம் வந்தது. பாவம், அவர் அந்தக் கெர்னலுக்காகப் பேசவில்லை.

“சார், வேலை செய்யறதே கடைசியா வந்ததுதான். மத்ததெல்லாம் சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு இருக்குது. பழசுக்கு இந்த பிரிண்டரையே தெரியாது, பிரிண்டர் 2006-லதான் வந்தது,” என்றாள் சரிதா.

அறையில் ஊசி விழுந்தால் சக்கரபாணி பதிவேட்டில் ஏற்றியிருப்பார், அத்தனை அமைதி. மூன்று பேரும் அவளைப் பார்த்த பார்வையில், சொல்லக்கூடாத எதையோ சொல்லிவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

“சும்மா இருக்கறதுன்னா என்னம்மா அர்த்தம்?” என்று இராமதாஸ் மெல்லக் கேட்டார். “அனுபவம்னு ஒண்ணு இருக்குதில்ல? எத்தன வருசமா இருக்குதோ அத்தன மரியாத குடுக்கணும். வேல செய்யறவங்க இன்னிக்கி வருவாங்க, நாளைக்கிப் போவாங்க. ஆபீசு நிக்கறது அதனாலயா?”

ஆக, இளையவை பத்தையும் பணியிலிருந்து விடுவித்து, மூத்த கெர்னலைத் தக்கவைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டி உறுப்பினர் முன்னிலையில் நீக்கம். பிறகு எடை. பிறகு இயக்குநர் வந்து கணினியை இயக்கி வைப்பார். அதுவரை ஒரு தாளும் அச்சாகக் கூடாது. எடை சரிபார்த்து முடியும்வரை எந்தச் சான்றிதழிலும் முத்திரை விழக் கூடாது.

சரிதா வெளியே வந்து டீக்கடையில் அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அழுகையினூடே எல்லாவற்றையும் சொன்னாள்.

“இப்ப ஓடறதையே தூக்கச் சொல்றாங்கக்கா.”

“தூக்கனா இன்னா ஆவும்?”

சரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “ஒடனே ஒண்ணும் ஆவாது. மெஷின் எழுந்துக்கறப்பவே கெர்னல் மெமரிக்குப் போயிடும். டிஸ்க்ல இருக்கறத அழிச்சாலும் ஓடிக்கிட்டுதான் இருக்கும். ஆனா ஒரு வாட்டி அணைச்சா அவ்ளோதான். அடுத்த வாட்டி பழசுதான் எழுந்துக்கும். அதுக்கு பிரிண்டர் தெரியாது.”

அஞ்சலாட்சிக்கு இது நொடியில் விளங்கிவிட்டது. “இன்ஜின் ஓடிக்கினு கீது, ஸ்டார்ட் பண்ற கவுறு கடல்ல வுழுந்துட்ச்சு. அதான? கர சேர்ற வரிக்கும் எவனும் இன்ஜின நிறுத்தக் கூடாது. நா பாத்துக்கறேன், நீ டீயக் குடி.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. அந்துவான் ஒவ்வொரு பெயரையும் படிக்க, சக்கரபாணி தலையாட்ட, சரிதா ஒவ்வொன்றாக அழித்தாள். பிரிண்டரை முன்கூட்டியே எழுப்பித் தயாராக வைத்திருந்தாள். பத்தாவது, ஓடிக்கொண்டிருந்த கெர்னல். அதன் பெயர்மேல் கை வைத்தாள். தட்டினாள். திரை அப்படியே இருந்தது. மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. டிஸ்க்கில் பாதி இடம் காலி. இப்போதே பொத்தானைத் தட்டினால் சான்றிதழ் கையில் விழுந்துவிடும். ஆனால் சக்கரபாணி அதற்குள் குனிந்து மின்சார வயரைப் பிடித்துவிட்டார்.

“கழட்டு, எடை போடலாம்.”

அந்த மூன்று நாளில் சரிதா கற்றுக்கொண்டது வீண்போகவில்லை.

“சார், இயக்குநர் தொடங்கி வைக்கறதுக்கு முன்னாடியே நாம எடுத்து எடை போட்டா நல்லாவா இருக்கும்? நாளைக்கு அவரு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

சக்கரபாணியின் கை வயரிலிருந்து தானாக விலகியது. “ஆமா. ஆமா. அது முறையில்ல.” அப்படியும் அவர் பார்வை வயர்மேல் போவதைக் கண்ட அஞ்சலாட்சி, பிளக்கை மறைத்துத் தன் கூடையைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மீன் கூடைப் பக்கத்தில் நெருங்கி நிற்க அந்த அலுவலகத்தில் யாருக்கும் மனமில்லை.

இயக்குநர் பதினொன்றரைக்கு வருவதாக இருந்தது. பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. சாப்பாட்டு இடைவேளை வந்து போனது. அஞ்சலாட்சி கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். கல்லூரியில் வரிசையில் நின்றுகொண்டிருந்த அன்புசெல்வி ஒரு ரூபாய் போனிலிருந்து டீக்கடைக்கு மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். ஒன்று நாற்பதுக்கு இயக்குநர் வந்தார், கழுத்தில் வேறொரு விழாவின் மாலையோடு. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ரிப்பனை வெட்டினார்கள். பிறகு பேசத் தொடங்கினார்.

“அவையோரே! இடம் என்பது இறைவன் தந்த கொடை. நான் இவ்வலுவலகத்தில் பொறுப்பேற்ற ஒன்பது ஆண்டுகளில் எதையும் நீக்கியதில்லை. அதே போல எதையும் சேர்த்ததுமில்லை. என்னிடம் வந்த கோப்பு எப்படி வந்ததோ அப்படியே இருக்கிறது. என் மேசைக்கு வந்து பாருங்கள், ஒரு தாள் கலைந்திருக்காது. இத்தகைய தூய்மையான நிர்வாகத்தின் விளைவாக இன்று நமக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த இடத்தை எவரும் பயன்படுத்திவிடாமல் வருங்காலத் தலைமுறைக்குப் பாதுகாத்துத் தர வேண்டியது நம் கடமை. பொதுமக்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். ஏன் வருகிறார்கள்? மறுபடியும் மறுபடியும் ஏன் வருகிறார்கள்? நம்மீது கொண்ட அன்பினால்!”

கைதட்டினார்கள். அஞ்சலாட்சி பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களைவிடப் பலமாகத் தட்டினாள். தட்டினால் சீக்கிரம் முடிப்பார் என்று நினைத்தாள். அது தப்புக் கணக்கு. அவர் இன்னும் எட்டு நிமிஷம் பேசினார்.

“எங்கே பொத்தான்?” என்றார் கடைசியில்.

மெஷினின் பொத்தானுக்கும் அவர் விரலுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. சரிதா குறுக்கே வந்து, திரையின் கீழிருந்த சின்னப் பொத்தானைப் பணிவாகக் காட்டினாள். திரையை முன்பே அணைத்து வைத்திருந்தாள். கணினி என்றால் கண்ணுக்குத் தெரிகிற அந்தத் திரைதான் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள், பெட்டியைத் தூக்கி எடை பார்த்தவர்களைத் தவிர. இராமதாஸ் அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. கூட்டம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்திலேயே சரிதா அச்சுப் பொத்தானைத் தட்டிவிட்டாள்.

முதல் தாள் அன்புசெல்வியுடையது. அதைத் தொடர்ந்து, மூன்று வாரமாகத் தேங்கிக் கிடந்த அறுபத்து மூன்று குடும்பங்களின் சான்றிதழ்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. என்னுடையதும் அதில் ஒன்று. கடைசித் தாள் வெளியே வந்த பிறகுதான் அஞ்சலாட்சி கூடையைவிட்டு எழுந்தாள்.

சக்கரபாணி வயரைக் கழற்றினார். உறுமல் நின்றது. பெட்டியைக் கொக்கியில் மாட்டினார்கள். முள் ஆடியது. எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

பதினாலு கிலோ இருநூறு கிராம்.

சக்கரபாணி மறுபடி மாட்டச் சொன்னார். அதே எடை. பத்துக் கெர்னலுக்குப் பன்னிரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் குறைந்திருக்க வேண்டும் என்று பதிவேட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அவர் முகம் முதலில் வெளுத்தது. பிறகு மெல்ல மலர்ந்தது.

“அப்போ எதுவும் வெளிய போவல!”

“எடை குறையாவிட்டால் பொருள் போகவில்லை. அது தர்க்கம்,” என்றார் அந்துவான். 'நீக்கம் நடைபெற்றது. எடையில் மாற்றமில்லை. ஆகவே பதினொன்றும் இருப்பில் உள்ளன' என்று எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இடமும் கிடைத்துவிட்டது, பொருளும் போகவில்லை. இப்படி ஒரு நிர்வாகச் சாதனை இந்தியாவிலேயே நடந்ததில்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டு அடுத்த விழாவுக்குக் கிளம்பினார். சக்கரபாணி நிம்மதியாக முத்திரையை எடுத்துச் சான்றிதழ்களில் குத்தினார். மணி இரண்டு இருபத்தைந்து.

அஞ்சலாட்சி தன் தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டாள். சரிதாவின் கன்னத்தைத் தொட்டு விரலை முறித்தாள். பிறகு தராசைக் கொக்கியிலிருந்து இறக்கிக் கூடைக்குள் வைத்தாள்.

“ஏம்மா, ஏம்மா! தராச எங்க எடுத்துக்கினு போற?”

“வூட்டுக்கு. நாளிக்கி ஏவாரம் கீது.”

“அது ஸ்டாக்குல ஏறிடுச்சும்மா. நூத்திப் பதினஞ்சாம் பக்கம். கண்டம் பண்ணித்தான் வெளிய அனுப்ப முடியும். இரு, படிவம் தரேன்.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னொரு படிவம், இன்னொரு கமிட்டி, மறுபடியும் நிறம், எடை. ஆனால் அஞ்சலாட்சி கத்தவில்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

“ஆபீசரே, பத்து சாமானத் தூக்கனீங்க. எட கொறயல. அதனால எதுவும் போவலன்னு இப்பதான எழுதனீங்க?”

“ஆமா.”

“கையெழுத்து கூட போட்டீங்க?”

“ஆமா, அதுக்கின்னா?”

“அதேமேரிதான். நா போனதுக்கு அப்பால ஒங்க ஆபீச ஒரு வாட்டி நிறுத்துப் பாருங்க. எட கொறஞ்சிருந்தா வீராம்பட்டினம் வாங்க. அம்மங்கோயிலுக்கு பின்னாடி தெருதான் வூடு. திருப்பிக் குடுத்துடறேன்.”

சக்கரபாணி யோசித்தார். அதில் விதிக்குப் புறம்பாக எதுவும் அவருக்குத் தென்படவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டு, எடை போடுவதற்காக உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார். வெறும் கொக்கிதான் ஆடிக்கொண்டிருந்தது. அவர் திரும்புவதற்குள் அவள் டெம்போ ஏறிவிட்டாள்.

மூன்று அடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது அன்புசெல்வியின் கைக்குத் தாள் போய்ச் சேர்ந்தது. இடம் கிடைத்தது. திங்கட்கிழமை சரிதா சத்தம் காட்டாமல், அலமாரியில் கிடந்த சிடியிலிருந்து புதுக் கெர்னலை மறுபடி ஏற்றி மெஷினை ஓடவைத்தாள். ஆனாலும் சக்கரபாணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. 'கெர்னல், இருப்பு – 12' என்று திருத்திக்கொண்டார்.

அடுத்த மார்ச்சில் சரிபார்க்க வந்த அதிகாரி எலியைப் பார்த்தார், பானைச் சில்லுகளை எண்ணினார், நூற்றுப் பதினைந்தாம் பக்கத்துக்கு வந்தார். தராசு எங்கே என்று கேட்டார்.

“அது வெளிய போயிருக்குதுன்னு சொல்ல முடியாது சார்,” என்றார் சக்கரபாணி. “எடை கொறஞ்சதா எந்த ரெக்கார்டும் இல்ல.”

அதிகாரி பேனாவைத் திறந்து, 'தராசு (மீன்) – 1, இருப்பு சரி' என்று கையெழுத்துப் போட்டார்.